பழைய பாய்மரப் படகின் கேபினுக்குள் ஸ்டிக்கர் வால்பேப்பர் ஒட்டலாமா?

உபின்_பக்கம்:

எல்லாருக்கும் வணக்கம். நானும் ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேரும் பங்கு போட்டுப் போன வருடம் ஒரு பாய்மரப் படகு வாங்கினோம். 26 அடி, ஃபைபர்கிளாஸ், என்னைவிட அதற்கு வயது அதிகம். சிங்கப்பூரில் சாங்கியில் மிதவையில் கட்டிக் கிடக்கிறது. மாதத்துக்கு இரண்டு ஞாயிறு புலாவ் உபின் தீவைச் சுற்றி ஒரு ஓட்டம், திரும்பி வந்து பரோட்டா, அவ்வளவுதான் எங்கள் மாலுமித்தனம்.

ஓட்டம் நன்றாகத்தான் இருக்கிறது, உள்ளே இறங்கினால்தான் மனசு சுருங்கிவிடுகிறது. கேபினுக்கும் முன்படுக்கைக்கும் நடுவில் இருக்கிற பிளைவுட் தடுப்பு ஒரு காலத்தில் தேக்கு நிறமாக இருந்திருக்கும், இப்போது ஊறிய டீத்தூள் நிறம், ஜன்னலுக்குக் கீழே ஒரு கறுப்புத் திட்டு வேறு. என் மனைவி ஒரே ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள உட்கார்ந்தா சாப்பிடச் சொல்றீங்க?" என்றாள், அதற்குப் பிறகு வரவே இல்லை.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடிக்க நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. வீவக அடுக்குமாடி வீட்டில் பையன் அறைக்கு ஒட்டிய அதே ஸ்டிக்கர் வால்பேப்பரை இங்கேயும் ஒட்டினால் என்ன என்று தோன்றுகிறது. ஒரு சுருள் 45 செ.மீ. அகலம், 10 மீட்டர் நீளம், 12 வெள்ளி. இரண்டு சுருள் வாங்கினால் தடுப்பு, பக்கச் சுவர் எல்லாம் முடிந்துவிடும். கடல் ஈரத்தில் கோந்து நிற்குமா? பிடிக்கவில்லை என்றால் சுத்தமாக உரித்து எடுக்க முடியுமா? யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

துவாஸ்_கைவேலை:

தம்பி, ஒட்டலாம். ஆனால் கோந்தைப் பற்றி நீங்கள் கவலைப்படுகிறீர்கள், நான் அந்தக் கறுப்புத் திட்டைப் பற்றிக் கவலைப்படுகிறேன். படகு உள்வேலைதான் எனக்குப் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வால்பேப்பர் பெரும்பாலும் வினைல். முன்பக்கம் தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது, துடைத்துவிட்டுப் போகலாம். வம்பு பின்பக்கத்திலிருந்து வரும். வினைல் மூச்சு விடாது. பிளைவுட்டில் ஈரம் இருந்தால் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே கிடந்து ஊறும். நீங்கள் முன்னால் பூப்போட்ட சுவரைப் பார்த்துக் காபி குடித்துக்கொண்டிருப்பீர்கள், பின்னால் மரம் புட்டு மாதிரி உதிர்ந்துகொண்டிருக்கும். சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டுகிறது, மழையில்லாத நாளில் பிற்பகலில்தான் 60 பக்கம் இறங்கும். மூடியே கிடக்கிற படகுக்குள் அந்த இறக்கமும் ஒழுங்காக நடக்காது.

ஒரு முறை ஒரு படகில் பழைய முதலாளி ஒட்டியிருந்த பளிங்கு டிசைன் தாளை உரிக்கச் சொன்னார்கள். தாளோடு மரத்தின் மேல்தோலும் சேர்ந்தே வந்தது. உள்ளே கறுப்பு. ஸ்க்ரூடிரைவரைச் சும்மா வைத்துத் தள்ளினேன், பாதிக் கம்பி உள்ளே போய்விட்டது. இதில் பயம் என்னவென்றால் உங்கள் படகின் வயதுள்ள படகுகள் பலவற்றில் பாய்மரத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கிற கம்பிகளின் இரும்புப் பட்டை அந்தத் தடுப்பில்தான் போல்ட் போட்டு மாட்டியிருக்கும். பட்டை டெக்கை, அதாவது படகின் மேல்தளத்தை, துளைத்து இறங்குகிற இடத்தில் மழைத் தண்ணீர் கசியும், கசிந்து நேராக அந்தப் பிளைவுட்டுக்குள் இறங்கும். அதனால் அது வெறும் அலங்காரச் சுவர் இல்லை, பாய்மரமே அதை நம்பித்தான் நிற்கிறது.

முதலில் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். 'டக் டக்' என்று கேட்டால் நல்ல மரம், 'பொத்' என்றால் அங்கே நில்லுங்கள். அப்புறம் ஒரு அடிச் சதுரத்துக்குக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள் வெட்டி, நாலு ஓரமும் டேப் போட்டுக் காற்று புகாமல் சுவரில் ஒட்டி, இரண்டு இரவு விட்டுவிட்டு வந்து பாருங்கள். உட்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் அங்கே எதையும் ஒட்டாதீர்கள்.

பக்கச் சுவரை மறந்துவிடுங்கள். மேலும் கீழும் வளைந்து, முன்னும் பின்னும் வளைந்து போகிற சுவரில் தட்டையான தாள் உட்காராது, சுருக்கம் விழும், வெட்டித்தான் ஆகவேண்டும், வெட்டின இடமெல்லாம் தோசை ஓரம் மாதிரி தூக்கும். அடுப்புப் பக்கம் நினைக்கவே நினைக்காதீர்கள், வினைல் எரிந்தால் வருகிற புகை நெஞ்சை அறுக்கும், அதுவும் அந்தச் சின்ன கேபினுக்குள்.

நான் செய்வது வேறு. 3 மி.மீ. பிவிசி ஃபோம் போர்டு வாங்கித் தடுப்பின் வடிவத்துக்கு வெட்டி, வால்பேப்பரைப் போர்டில் ஒட்டி, ஓரத்தைப் பின்பக்கம் மூன்று விரல் அகலம் மடித்துவிட்டு, போர்டைத் தடுப்பில் வெல்க்ரோ போட்டு மாட்டிவிடுவேன். பின்னால் கொஞ்சம் காற்று போகும், எப்போது வேண்டுமானாலும் கழற்றிப் பார்க்கலாம். முதலில் அட்டைப்பெட்டியில் மாதிரி வெட்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் படகில் நேர்கோடு என்று ஒன்று கிடையவே கிடையாது.

தேக்கா_அக்கா:

எனக்குப் படகெல்லாம் தெரியாது, ஆனால் 'உரிக்கலாம்' என்கிற வார்த்தையை நம்பிக் கையைச் சுட்டுக்கொண்டவள். வாடகை அறையில் ஒட்டினேன், இரண்டு வருடம் கழித்துக் காலி செய்யும்போது உரித்தேன், பெயின்ட் ஏடு ஏடாகக் கூடவே வந்தது, முன்பணத்தில் 300 வெள்ளி பிடித்துக்கொண்டார் வீட்டுக்காரர். ஒட்டின முதல் வாரம் அழகாகத்தான் உரிந்தது, அதுதான் ஏமாற்று. நாளாக ஆகக் கோந்து இறுகிவிடுகிறது, வெயில் வேறு பட்டால் கேட்கவே வேண்டாம். உங்கள் வார்னிஷ் ஏற்கனவே தளர்ந்திருந்தால் அதற்கும் இதே கதிதான்.

உரிக்கும்போது ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டி, உங்கள் பக்கமாக இழுக்காமல் தாளை அதன் மேலேயே மடித்துச் சுவரை ஒட்டினாற்போல் மெதுவாக இழுங்கள். மிச்சப் பிசினுக்கு ஃபார்மசியில் கிடைக்கிற ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும். ஒட்டுவதற்கு முன்னால் சுவரைத் துடைக்கவும் அதேதான். ஒட்டும்போது பழைய ஈஸிலிங்க் பஸ் அட்டையைத் துணியில் சுற்றி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினால் குமிழி நிற்காது.

இன்னொன்று, பூசணத்தைக் கழுவ வினிகரையும் பிளீச்சையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும். ஜன்னல் உள்ள குளியலறையிலேயே எனக்கு மூச்சு அடைத்துவிட்டது.

சும்மா_வந்தேன்:

வெள்ளை பெயின்ட் ஒரு டின். வேலை முடிந்தது. எதற்கு இவ்வளவு?

துவாஸ்_கைவேலை:

தம்பி சும்மா வந்தவரே, ஈர மரத்தில் பெயின்டும் கொப்பளிக்கும். ஆனால் ஒரு விதத்தில் நீங்கள் சொல்வது சரி, கொப்பளித்தால் கண்ணுக்குத் தெரியும். தாள் மறைத்துவிடும்.

உபின்_பக்கம்:

அண்ணே, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

பிளாஸ்டிக் தாள் மூன்று இடத்தில் ஒட்டினேன். சனிக்கிழமை ஒட்டி, நடுவில் ஒரு நல்ல மழை, திங்கள் லீவு போட்டுப் போய்ப் பார்த்தால் இடது பக்கம் இரண்டும் காய்ந்து கிடக்கின்றன, வலது பக்கம் ஜன்னலுக்குக் கீழே ஒட்டினதில் தண்ணீர் சொட்டு நின்றது. தட்டிப் பார்த்தேன், உள்ளங்கை அளவுக்குப் 'பொத்'. இரும்புப் பட்டை அங்கே இல்லை, நல்லவேளை, எங்கள் படகில் அது தனியாகப் பக்கவாட்டில் இருக்கிறது. கசிவு ஜன்னல் சட்டத்திலிருந்துதான், வாளியில் தண்ணீர் எடுத்து வெளியே ஊற்றினேன், உள்ளே நண்பன் "வருது வருது" என்று கத்தினான்.

இடது பக்கத்துக்கு மட்டும் நீங்கள் சொன்ன மாதிரி போர்டு செய்து மாட்டிவிட்டோம். இளம்பச்சையில் வெள்ளைக் கோடு. அட்டை மாதிரி இரண்டு முறை தப்பாகி மூன்றாவதில்தான் சரியாக உட்கார்ந்தது. மனைவிக்குப் போட்டோ அனுப்பினேன், "அந்தப் பக்கம்?" என்று கேட்டிருக்கிறாள்.

அந்தப் பக்கம் ஜன்னலைக் கழற்றித் திரும்பப் போடவேண்டும். ஜன்னல் அக்ரிலிக், ஓரத்தில் யாரோ முன்பு அப்பின வெள்ளைப் பசை பொரிந்துபோய் இருக்கிறது. வீட்டில் பாதி டியூப் பாலியூரிதேன் சீலன்ட் இருக்கிறது, அதையே போடலாமா?

துவாஸ்_கைவேலை:

வேண்டாம். பாலியூரிதேன், பாலிசல்ஃபைடு இரண்டும் அக்ரிலிக்கைக் கெடுக்கும், கொஞ்ச நாளில் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு விடும். பியூட்டைல் டேப் வாங்குங்கள், களிமண் மாதிரி மெத்தென்று ஒட்டுகிற ரப்பர் பட்டை அது. பழைய பசையைப் பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டுங்கள், பிளேடு வேண்டாம். திருகுகளை ஒரே நாளில் முழுக்க இறுக்காதீர்கள், கொஞ்சம் இறுக்கி, பிதுங்கி வருவதை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி கொஞ்சம். அந்த 'பொத்' இடத்தை நன்றாகக் காயவிட்டு ஒரு போட்டோ போடுங்கள், வெட்டி மாற்றவேண்டுமா எபாக்சி பிசின் போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.