‘சுயவிவரம்’ போகட்டும், ‘பேழை’ வரட்டும்

அனைவருக்கும் வணக்கம்.

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்கள், எதில் நுழைந்தாலும் அதே மடல்களைத் தண்டர்பேர்ட் என்ற மின்மடல் மென்பொருளில் பார்ப்பது எப்படி என்று ஒரு வழிகாட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன். வேலையில் பெரிய சிக்கல் இல்லை. ‘புரொஃபைல்’ (profile) என்ற சொல்லைத் தமிழாக்குவதில்தான் நின்றுவிட்டேன். நம் தமிழாக்கங்களில் இதுவரை ‘சுயவிவரம்’ என்று எழுதிவந்தோம். அதைக் கைவிட வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

சுயவிவரம் என்றால் தமிழ் படிப்பவருக்கு என்ன தோன்றும்? பெயர், படிப்பு, புகைப்படம். வேலைக்கு அனுப்பும் ஒரு தாள். தண்டர்பேர்டின் புரொஃபைல் அதுவல்ல. அது ஓர் அடைவு, அதாவது கோப்புறை. வந்த மடல்கள், அனுப்பிய மடல்கள், முகவரிப் புத்தகம், வடிகட்டிகள், கணக்கு அமைப்புகள், சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. பாப் (POP) முறையில் மடலைத் தம் கணினிக்கு இறக்கி, வழங்கியிலிருந்து (server) நீக்கிவிடுபவருக்கு உலகிலேயே அந்த ஒரு நகல்தான் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய ஒரு குறிப்பில் ‘பழைய சுயவிவரம் தேவையில்லையெனில் நீக்கலாம்’ என்று இருந்தது. அதைப் படித்த உறவினர் ஒருவர், தம் பெயரும் படமும்தானே போகும் என்று நினைத்து, கோப்புகளோடு சேர்த்து நீக்கிவிட்டார். அவருடைய மடல்கள் அத்தனையும் போயின. தவறு அவருடையதல்ல, நான் போட்ட சொல்லுடையது. அன்றிலிருந்து இது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இதற்கு மாற்றாக இந்தக் குழுவில் முன்வைக்கப்பட்ட சொற்களை ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தேன். ‘காப்பகம்’ நல்ல சொல்தான். ஆனால் பழைய மடல்களை ஒதுக்கிவைக்கும் வசதிக்கு அது ஏற்கெனவே பொருந்திவிட்டது. ஒரே மென்பொருளில் இரண்டுக்கும் வைத்தால் குழப்பம். ‘பொதி’ லினக்ஸ்காரர்களுக்கு மென்பொருள் பொதி. ‘களஞ்சியம்’ அந்தப் பொதிகள் குவிந்திருக்கும் இடம். ‘பயனர் கோப்புறை’ என்றால் இயங்குதளம் ஒவ்வொரு பயனருக்கும் தரும் வீட்டடைவு (home) என்று எண்ணுவார்கள். ‘புரொஃபைல்’ என்றே விட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னார். அது உள்ளே என்ன இருக்கிறது என்று எதுவும் சொல்லாது. சமூக வலைத்தளப் பழக்கத்தால் பெயரும் படமும்தான் மறுபடி நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை ‘பேழை’. விலைமதிப்புள்ளதை வைத்து மூடும் பெட்டி. நோவாவின் பேழை என்று சொல்லும்போது உயிர்களைக் காத்துச் சுமந்தது என்ற பொருளும் உடன் வருகிறது. ‘பேழையை நீக்கு’ என்று திரையில் வந்தால், உள்ளே என்ன இருக்கிறதோ என்று கை ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கம்தான் எனக்கு வேண்டும். ஒலிப்பேழை, ஒளிப்பேழை என்று நாடாக்களுக்கு வழங்கியதே என்று கேட்கலாம். அவை முன்னொட்டோடு வந்த கூட்டுச்சொற்கள். அந்த நாடாக்களும் புழக்கத்திலிருந்து போய்விட்டன. மோதல் இல்லை.

கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன: பேழை மேலாளர், பேழைப் பாதை, புதுப்பேழை. வழிகாட்டியின் ஒரு பத்தியை இந்தச் சொல்லோடு எழுதிப் பார்த்தேன்:

‘இரண்டு இயங்குதளங்களாலும் எழுத முடிந்த வட்டுப்பகுதிக்கு (partition) பேழையை நகர்த்துங்கள். ஃபேட்32 (FAT32) கோப்பு முறைமை வேண்டாம். மடல்களைச் சேமிக்கும் எம்பாக்ஸ் (mbox) முறையில், ‘வந்த மடல்கள்’ போன்ற ஒரு மடல் அடைவில் உள்ளவை முழுவதும் ஒரே கோப்பாகச் சேர்கின்றன. ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்ட முடியாது. என்டிஎஃப்எஸ் (NTFS) முறைமை ஏற்றது. பிறகு இரு பக்கமும் பேழை மேலாளரைத் திறந்து, புதுப்பேழை உருவாக்கும்போது இந்த அடைவையே காட்டுங்கள். தண்டர்பேர்ட் இரண்டிலும் ஒரே பதிப்பாக இருக்கட்டும். புதிய பதிப்பு தொட்ட பேழையைப் பழைய பதிப்பு திறக்க மறுக்கும். விண்டோஸில் விரைவுத் தொடக்கத்தை (Fast Startup) அணைத்துவிடுங்கள். இல்லையெனில் கணினியை நிறுத்திய பிறகும் அந்த வட்டுப்பகுதி பாதி உறக்கத்தில் இருக்கும்; லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. தண்டர்பேர்ட் திறந்திருக்கும்போதே விண்டோஸை உறக்கநிலைக்கு அனுப்பிவிட்டு லினக்ஸில் அதே பேழையைத் திறக்காதீர்கள்.’

இதில் பேழை வரும் இடமெல்லாம் சுயவிவரம் என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். ‘சுயவிவரத்தை நகர்த்துங்கள்’, ‘பதிப்பு தொட்ட சுயவிவரம்’. தமிழாக ஒலிக்கவில்லை.

இப்படி இரண்டு இயங்குதளங்களுக்கும் பொதுவாக இருக்கும் ஒன்றை ‘பகிரப்பட்ட பேழை’ என்று எழுத வேண்டாம். ‘பகிர்பேழை’ போதும். ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை. பகிர்ந்த, பகிர்கின்ற, பகிரும் மூன்றும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. நேற்று விண்டோஸில், இன்று லினக்ஸில், நாளை மறுபடி விண்டோஸில் என்று மாறி மாறித் திறக்கப்படும் ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கண வடிவம் எனக்குத் தெரியவில்லை.

இங்கே இன்னொரு முடிச்சும் அவிழ வேண்டியிருக்கிறது. வட்டைத் துண்டாக்குவதைச் சில மொழிபெயர்ப்புகளில் ‘பகிர்வு’ என்கிறோம். பகிர் என்பதற்குப் பிரித்தல், பங்கிட்டுக்கொள்ளுதல் என்று இரு பொருளும் இருப்பதால் வந்த வினை. மற்ற இடங்களில் சமாளிக்கலாம். இந்த வழிகாட்டியில் ‘பகிர்வில் உள்ள பகிர்பேழையைப் பகிர’ என்று எழுத நேர்ந்தால் யாருக்கும் புரியாது. அதனால் மேலே வட்டுப்பகுதி என்றே எழுதினேன். ‘வகிர்’ என்றொரு பழஞ்சொல் உண்டு, பிளத்தல் என்ற பொருளில். தலைமுடியின் வகிடும் அந்தக் குடும்பம்தான். ‘வட்டு வகிர்’ அழகாக இருக்கிறது. ஆனால் புதிதாகப் படிப்பவர் தடுமாறுவாரோ என்ற ஐயம் எனக்கு உண்டு. ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்கள் வைப்பதை (dual boot) இரட்டைத் தொடக்கம் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை, அதை அப்படியே விடுவோம்.

ஒன்றுக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. தண்டர்பேர்டை நிறுவியவுடன் தானாக உருவாகும் (default) பேழைக்கு ‘இயல்பிருப்புப் பேழை’ என்று எழுதிப் பார்த்தேன், நாக்கு சிக்குகிறது. ‘முதற்பேழை’ என்றால் வரிசையில் முதலாவது என்று ஆகிவிடுகிறது. 2019-இல் வந்த தண்டர்பேர்ட் 68-ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு நிறுவலுக்கும் தனித்தனியே ஒன்று உருவாவதால், ஒருவரிடம் இப்படி இரண்டு மூன்றுகூட இருக்கலாம். இதற்கு யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள். அது கிடைத்ததும் வழிகாட்டியை முழுமையாக அனுப்புகிறேன்.

அன்புடன்.