எமரால்டு அணையில் சைடு இமேஜிங் ஃபிஷ் ஃபைண்டர்: எதை வாங்குவது, படகில் எங்கே மாட்டுவது?

எமரால்டு தம்பி

வணக்கம் அண்ணன்மாரே. மீன்துறை அனுமதியோடு நீலகிரி எமரால்டு அணையில் வலை போடுகிற குடும்பம் நாங்கள். அதிகம் கிடைப்பது சாதாக் கெண்டை, கண்ணாடிக் கெண்டை. படகு 14 அடி ஃபைபர், தட்டை அடி, பின்பக்கம் நடுவில் ஒரு பேட்டரி மோட்டார். மீன் எங்கே இருக்கிறது என்பது அப்பாவுக்கே தெரியும், அதற்கு மிஷின் வேண்டாம். தண்ணீருக்குள் இருக்கிற அடிமரங்கள்தான் தொல்லை. கோடையில் மட்டம் இறங்கும்போது சேற்றில் தலை காட்டும், மழை வந்து நிறைந்தால் எல்லாம் மறைந்துவிடும், அப்புறம் தங்கூசி வலை போய் அதில் சிக்கினால் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு வலை போனால் அந்த வாரச் சம்பாத்தியம் போச்சு. சைடு இமேஜிங் என்றால் படகின் இரண்டு பக்கமும் தரை படம்போலத் தெரியும் என்கிறார்கள். 5 அங்குலத் திரை போதுமா, 7 அங்குலம் வேண்டுமா? எங்கே மாட்டுவது? வாங்கினவர்கள் சொல்லுங்கள்.

கொடைக் கெண்டை

தம்பி, திரையைப் பார்க்கும் முன்னால் பெட்டிக்குள் என்ன டிரான்ஸ்டியூசர் (தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்குகிற பாகம்) வருகிறது என்று பாருங்கள். ஒரே பெயரில், ஒரே திரையில், பக்கவாட்டுப் படம் இல்லாத மாடலும் விற்கிறார்கள். ஹம்மின்பேர்டு ஹெலிக்ஸில் டிஐ என்றிருந்தால் கீழ்நோக்கி மட்டும்தான், எஸ்ஐ என்றிருந்தால்தான் பக்கவாட்டு. கார்மின் ஸ்ட்ரைக்கரில் சிவி கீழ்நோக்கி, எஸ்வி பக்கவாட்டு. லோரன்ஸ் ஹூக் ரிவீலில் ஸ்பிளிட்ஷாட் போதாது, டிரிபிள்ஷாட் வேண்டும். விலை குறைவாக இருக்கிறது என்று எடுத்துவிட்டால் பிறகு டிரான்ஸ்டியூசரை மாற்றினாலும் சில பெட்டிகள் பக்கவாட்டுப் படம் காட்டாது.

திரை விஷயத்தில் என் கணக்கு இது. அகலம் 800 புள்ளி என்றால் இடம் வலம் இரண்டுக்கும் அதைப் பங்கு போடுகிறது. ஒவ்வொரு பக்கமும் 30 மீட்டர் வைத்தால் மொத்தம் 60 மீட்டர், ஒரு புள்ளிக்கு ஏழரை சென்டிமீட்டர். அடிமரம் பார்க்க அது தாராளம். ஆனால் 5 அங்குலத்தில் அந்தப் புள்ளி கண்ணுக்குச் சிறிதாக இருக்கும், வெயிலில் அப்பா எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். காசு கை கொடுத்தால் 7 அங்குலம். ஜிபிஎஸ் இல்லாததை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். கட்டையைப் பார்த்துவிட்டு இடத்தைக் குறிக்க முடியவில்லை என்றால் நாளைக்கு அதே இடத்தில்தான் வலை விழும்.

பவானிசாகர் பரிசல்

குறுக்கே ஒரு கேள்வி, மன்னிக்கவும். நாங்கள் கீழே பவானிசாகரில் பரிசலில் போகிறோம். பரிசலில் இதை மாட்ட முடியுமா?

கொடைக் கெண்டை

மாட்டலாம், பயன் இருக்காதுங்க. இந்த ஒலிக் கதிர் பக்கவாட்டில் அகலமாகவும் முன்னும் பின்னும் மிக மெல்லியதாகவும் போகிறது. படகு நேராக நகர நகர ஒவ்வொரு கீற்றாக அடுக்கித்தான் படம் ஆகிறது. பரிசல் ஒவ்வொரு துடுப்புக்கும் திரும்பும், கீற்றெல்லாம் விசிறிபோல விரிந்து குழம்பிவிடும். கீழ்நோக்கிப் பார்க்கிற சாதாரண மாடல் உங்களுக்குப் போதும், ஆழமும் தரையும் ஒழுங்காகக் காட்டும்.

எமரால்டு தம்பி

அண்ணா, 7 அங்குலமே வாங்கியாயிற்று, எஸ்ஐ மாடல். மாட்டிக் கொடுத்தவர் பின்பலகையில் மோட்டாருக்கு வலப்பக்கம் ஒரு சாண் தள்ளி ஸ்குரூ போட்டுவிட்டுப் போனார். வலப்பக்கம் படம் அருமையாக வருகிறது, சேறும் கல்லும் பிரிந்து தெரிகிறது. இடப்பக்கம் கரியாக இருக்கிறது. அதோடு மோட்டார் ஓடும்போது திரை முழுக்கக் குறுக்குக் கோடுகள். மாட்டினவரிடம் கேட்டால் மலை அணையில் ஒரு பக்கம் பள்ளம், அதனால் அப்படித்தான் தெரியும் என்கிறார். உண்மையா?

மஞ்சூர் படகு

பாதி உண்மை. அங்கே பள்ளத்தாக்குச் சரிவு செங்குத்து. கரையோரமாகப் போனால் கரைப்பக்கம் தரை ஒலியை நேராகத் திருப்பி அனுப்பும், வெளிச்சமாகத் தெரியும். பள்ளத்துப் பக்கம் தரை விலகிச் சரிவதால் மங்கும். ஆனால் உங்களுக்கு வந்திருப்பது அதுதானா என்று ஊகிக்க வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஒரு கோட்டில் போய்விட்டு படகைத் திருப்பி அதே கோட்டில் திரும்பி வாருங்கள். இருட்டு பக்கம் மாறினால் அது தரையின் குணம். இருட்டு இடப்பக்கத்திலேயே நின்றால் படகில் ஏதோ மறைக்கிறது.

மறைப்பது எதுவென்று எனக்கு இப்போதே தோன்றுகிறது, மோட்டாரின் உருளை. அது தண்ணீரில் ஆழமாகத் தொங்குகிறது, டிரான்ஸ்டியூசர் அதற்கு மேலே பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு சாண் இடைவெளி எந்த விதத்திலும் போதாது, புரொப்பெல்லரிலிருந்து குறைந்தது 38 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்பதுதான் பொதுவான கணக்கு, அதுவும் குமிழித் தொல்லைக்காக. நிழல் தொல்லை தனி. இரண்டு பக்கத்துக்கும் பார்வை திறந்திருக்க வேண்டும்.

குன்னூர் வயரிங்

குறுக்குக் கோடு வேறு கதை. மோட்டாரை நிறுத்திவிட்டுத் துடுப்புப் போட்டுப் பாருங்கள். கோடு போய்விட்டால் மின்சார இரைச்சல். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற மோட்டார்களில் பல, மின்சாரத்தை நொடிக்குப் பல தடவை வெட்டி வெட்டி அனுப்பும், அது அதே பேட்டரியில் இருக்கிற ஃபைண்டருக்குள் ஏறும். ஃபைண்டருக்குத் தனி 12 வோல்ட் பேட்டரி, பாசிட்டிவ் வயரில் பேட்டரிக்கு அருகிலேயே 3 ஆம்பியர் ஃபியூஸ் (உங்கள் மாடல் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதைப் போடுங்கள்). டிரான்ஸ்டியூசர் வயரை மோட்டார் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள், படகின் எதிர்ப்பக்கமாகக் கொண்டு வாருங்கள். நீளம் மிச்சம் என்று வெட்டவும் கூடாது, தளர்வாகச் சுருட்டி வையுங்கள்.

பேட்டரி அளவு: 7 அங்குலப் பெட்டி சுமார் 1 ஆம்பியர் குடிக்கும். 7 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, அப்படியானால் மூன்றரை மணி நேரம்தான். காலை முழுக்க ஓட வேண்டுமென்றால் 12 அல்லது அதற்கு மேல் எடுங்கள். லித்தியம் வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள், நம் ஊர்க் குளிருக்காகச் சொல்கிறேன். மார்கழி, தை உறைபனியில் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியைச் சுழியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் போட்டால் உள்ளே கெட்டுப்போகும். ராத்திரி படகிலேயே விட்டுவிட்டு விடியற்காலையில் சார்ஜரில் சொருகாதீர்கள், வீட்டுக்குள் கொண்டுவந்து சூடு ஏறின பிறகு போடுங்கள்.

எமரால்டு தம்பி

திருப்பி ஓட்டிப் பார்த்தேன். இருட்டு இடப்பக்கத்திலேயே நிற்கிறது. துடுப்புப் போட்டபோது கோடுகளும் போய்விட்டன. அப்போ மோட்டாரை எங்கே மாற்றுவது? முன்னால் வைத்தால் அப்பாவுக்கு வலை இழுக்க இடைஞ்சல்.

மஞ்சூர் படகு

மோட்டார் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். கதிர் முன்பின்னாக மெல்லியது என்று கொடை அண்ணன் சொன்னாரே, அதுதான் உங்களுக்கு வழி. டிரான்ஸ்டியூசரைப் பின்பலகையிலிருந்து எடுத்து, படகின் நடுப்பகுதிக்குச் சற்று முன்னால் பக்கச் சுவரில் ஒரு கம்பியில் தொங்கவிடுங்கள். அங்கிருந்து பார்த்தால் மோட்டார் கதிரின் தளத்திலேயே வராது. குமிழியும் வராது.

ஆனால் அங்கே படகின் அடிப்பாகமே மறைக்கப் பார்க்கும். அதனால் டிரான்ஸ்டியூசர் படகின் அடிமட்டத்துக்குக் கீழே குறைந்தது 10 முதல் 15 சென்டிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும். கம்பி உருண்டையாக இருந்தால் தண்ணீர் இழுப்பில் மெல்லத் திரும்பும், படம் கோணலாகும், ஆகவே அலுமினியச் சதுரக் குழாய் எடுங்கள். ஒரு அங்குலச் சதுரம் போதும், மேலே கிளாம்ப். கிளாம்பில் ஒரே போல்ட்டில் குழாய் பின்பக்கமாக மடங்குகிற மாதிரி விடுங்கள், கைக்கு இறுக்கமாக, கட்டையில் இடித்தால் மடங்குகிற அளவுக்குத் தளர்வாக. உங்கள் அணையில் இடிக்காமல் இருக்காது. கரைக்கு வரும்போதும் தூக்கிவிடலாம்.

படகில் நீங்களும் அப்பாவும் வலையும் ஏறி உட்கார்ந்த பிறகு, டிரான்ஸ்டியூசர் தண்ணீர் மட்டத்துக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். கரையில் காலிப் படகில் ரசமட்டம் வைத்துப் பார்ப்பது வீண், ஆள் ஏறினதும் படகு சாயும்.

கொடைக் கெண்டை

படம் சரியானதும் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். 10 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு பக்கமும் 25 முதல் 30 மீட்டர். ஒலியின் அலைவரிசை, முதலில் தேட 455 கிலோஹெர்ட்ஸ், கட்டை இருக்கிற இடத்தில் மறுபடி போகும்போது 800, தெளிவு கூடும், தூரம் குறையும். வேகம் மணிக்கு 4, 5 கிலோமீட்டர், நேர்க்கோடு.

நடுவில் தெரிகிற கறுப்புப் பட்டை தண்ணீர், நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கத்துக்கு அதன் அகலம்தான் ஆழம். கட்டையைவிட அதன் நிழலைப் பாருங்கள். நிழலை வைத்து உயரம் போடலாம்: ஆழத்தை நிழலின் நீளத்தால் பெருக்கி, படகிலிருந்து நிழல் முடிகிற இடம் வரையான தூரத்தால் வகுக்க வேண்டும். ஆழம் 9 மீட்டர், நிழல் 15-வது மீட்டரில் தொடங்கி 20-ல் முடிகிறது என்றால் 9 பெருக்கல் 5, வகுத்தல் 20. இரண்டே கால் மீட்டர். அவ்வளவு உயரக் கட்டை மேல் அடிவலை போகக் கூடாது. திரையில் கர்சரைக் கட்டையின் மேலேயே வைத்துக் குறியுங்கள். வெறுமனே பட்டனை அழுத்தினால் அந்த நேரம் படகு நின்ற இடத்தைத்தான் குறிக்கும்.

மஞ்சூர் படகு

இதோடு ஒன்று. எமரால்டு, அவலாஞ்சி எல்லாம் குந்தா நீர்மின் திட்டத்து அணைகள், மின் உற்பத்திக்குத் தக்கபடி மட்டம் ஏறும், இறங்கும். இன்றைக்கு 9 மீட்டரில் குறித்த கட்டை அடுத்த மாதம் 5 மீட்டரில் இருக்கும். குறிக்கும்போது கரையில் ஏதாவது ஒரு பாறையில் அன்றைய தண்ணீர்க் கோட்டையும் எழுதி வையுங்கள். கட்டையின் உயரம் மாறாது, அதன் மேல் நிற்கிற தண்ணீர்தான் மாறும்.

எமரால்டு தம்பி

அண்ணன்மாரே, சதுரக் குழாயில் மாட்டிவிட்டேன், பேட்டரியும் தனி. இரண்டு பக்கமும் தெரிகிறது! வழக்கமாக வலை சிக்குகிற மேட்டில் வரிசையாக அடிமரங்கள், ஒவ்வொன்றுக்கும் நிழல். அதில் ஒன்றில் எங்கள் பழைய வலையே சுற்றிக்கொண்டு நிற்கிற மாதிரி தெரிந்தது, அப்பா நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நன்றி. பின்பலகையில் மாட்டினவர் போட்ட ஸ்குரூ ஓட்டைகளை என்ன செய்வது? பிளாஸ்டிக் காய் நறுக்கும் பலகை ஒன்றை மேலே எபாக்சியால் ஒட்டி மூடச் சொல்கிறார் ஒருவர்.

குன்னூர் வயரிங்

அந்தப் பலகை பாலிஎத்திலீன், எபாக்சி அதில் பிடிக்காது, உரிந்து வந்துவிடும். ஃபைபருக்குள் பின்பலகையில் பெரும்பாலும் மரம் இருக்கும், தண்ணீர் போனால் உள்ளேயே உளுத்துவிடும். படகைக் கரையேற்றிப் பின்பக்கம் தாழ்வாக வைத்து, ஓட்டைகள் நன்றாகக் காயும்வரை விடுங்கள். இப்போதிருக்கிற மூடுபனியில் தானாகக் காயாது, ஹேர் டிரையர் பிடியுங்கள். பிறகு கெட்டியான எபாக்சியை ஓட்டைக்குள் சிரிஞ்சால் அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மேலே ஜெல்கோட் (ஃபைபர் படகின் மேல்பூச்சு) பூசிவிடுங்கள்.