மாடியில் 5ஜி வருது, ஹாலில் வரலை: பூஸ்டரா, வெளி ஆன்டெனாவா?

தோப்புவீடு

வணக்கமுங்க. வீடு பொள்ளாச்சி ஆனைமலைப் பக்கம், தென்னந்தோப்புக்கு நடுவுல. ஃபைபர் இந்த ரோட்டுக்கு வரலை. 5ஜி சிம் போட்ட ரவுட்டர் ஹாலில் இருக்கு. டவர் வடகிழக்கே 2.3 கி.மீ. தூரம், டவர் இடம் காட்டற அரசோட தரங் சஞ்சார் தளத்துல இடத்தைப் பார்த்துட்டேன். நிறுவனத்தோட பேரு இங்க வேண்டாம்.

போனை வெச்சு எடுத்த அளவு (என்78ன்னா 5ஜியோட 3,500 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை, ஆர்எஸ்ஆர்பின்னா சிக்னல் பலம், எஸ்ஐஎன்ஆர்னா இரைச்சலுக்கு மேல சிக்னல் எவ்வளவு தெளிவுங்கறது):
ஹால்: என்78, ஆர்எஸ்ஆர்பி -113, எஸ்ஐஎன்ஆர் 2
மொட்டை மாடி, வடகிழக்கு மூலை: என்78, ஆர்எஸ்ஆர்பி -98, எஸ்ஐஎன்ஆர் 14

மாடியில காலைல 90 எம்பிபிஎஸ் இறங்குது. ராத்திரி 8 மணிக்கு மேல 5, 6தான். ஹாலில் அப்லோடு எந்நேரமும் 1க்கு மேல போகறதில்லை, வீடியோ கால் அறுந்து அறுந்து வருது. இத்தனைக்கும் ஹாலிலேயே போன்ல 5ஜின்னு காட்டுது.

கடைக்காரர் ரெண்டு வழி சொல்றார். ஒண்ணு, 4,500 ரூபாய்க்கு பூஸ்டர். இல்லைன்னா மாடியில யாகி ஆன்டெனா (ஒரே திசையைப் பார்க்கற, மீன்முள் மாதிரி ஆன்டெனா) நட்டு 15 மீட்டர் வயர்ல ரவுட்டருக்கு இறக்கறது. எதுங்க சரி?

---

அலைவரிசை_ஆறுமுகம்

ரெண்டும் வேண்டாம் சார். அளவோடு வந்ததால் பேச வசதியாக இருக்கிறது.

முதலில் அந்த 5ஜி எழுத்தை நம்பாதீர்கள். 4ஜி துணையோடு ஓடும் என்எஸ்ஏ முறையில், 4ஜி செல் "இங்கே 5ஜி உண்டு" என்று ஒரு குறிப்பை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்தே பல போன்கள் 5ஜி எழுத்தைப் போட்டுவிடும். டேட்டா முழுக்க 4ஜியில் ஓடினாலும் எழுத்து மாறாது. ஏர்டெல் இந்த முறையில்தான் தொடங்கியது. ஜியோ ஆரம்பத்திலிருந்தே எஸ்ஏ, அதாவது 4ஜி துணையில்லாத தனி 5ஜி. எந்த செல்லில் இருக்கிறீர்கள் என்பதை நெட்மான்ஸ்டர் மாதிரி செயலியிலோ ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்திலோதான் பார்க்க வேண்டும். சிக்னல் கோடுகளும் அப்படித்தான், ஒவ்வொரு போன் கம்பெனிக்கும் ஒரு கணக்கு.

இனி உங்கள் எண்கள். ஹாலுக்கும் மாடிக்கும் 15 டெசிபல் வித்தியாசம். கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் சக்தியில் அது 32 மடங்கு. கான்கிரீட் கூரையும் சுவரும் 3,500 மெகாஹெர்ட்ஸில் தின்பது அவ்வளவு. என்78க்கு என் கணக்கு: -90க்கு மேல் நன்று, -100 வரை பரவாயில்லை, -110க்கும் கீழே போனால் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. எஸ்ஐஎன்ஆர் 20 இருந்தால் அருமை, 13க்கு மேல் போதும், 5க்குக் கீழே தொல்லை.

அப்லோடு ஏன் முதலில் சாகிறது? டவரில் 200 வாட் ரேடியோ இருந்தால் சாதாரண போன் விடுவது அதிகபட்சம் 200 மில்லிவாட். ஆயிரத்தில் ஒரு பங்கு. அதோடு என்78இல் மேலேயும் கீழேயும் ஒரே அலைவரிசைதான்; நேரத்தைப் பங்குபோட்டு ஓடுகிறது. அப்லோடுக்குக் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்கு, கூடினால் நாலில் ஒரு பங்கு. ஹாலில் டவர் பேசுவது ரவுட்டருக்குக் கேட்கிறது, ரவுட்டர் பேசுவது டவருக்குக் கேட்கவில்லை. வீடியோ கால் அறுவது இதனால்தான்.

ராத்திரி வேகம் குறைவது வேறு வியாதி. இதோடு அதைக் குழப்ப வேண்டாம். இரவு 9 மணிக்கு அதே மாடி மூலையில் மறுபடி அளந்து போடுங்கள். 5ஜியில் ஒருமுறை, போனை 4ஜிக்கு மட்டும் மாற்றி ஒருமுறை. 4ஜியின் ஆர்எஸ்ஆர்க்யூவும் (சிக்னலின் தரத்தைக் காட்டும் எண்) வேண்டும். ஆன்டெனா பேச்சு அதற்கு அப்புறம்.

---

கம்பியில்லாக்_கந்தன்

பூஸ்டரைப் பற்றி நான் சொல்லிவிடுகிறேன். அனுமதி இல்லாமல் அதை விற்பதும் குற்றம், வாங்கி மாட்டுவதும் குற்றம். சட்டத்தை விடுங்கள், வேலைக்கே ஆகாது. 4,500 ரூபாய்க்கு வரும் பெட்டிகள் 900, 1,800, 2,100 மெகாஹெர்ட்ஸுக்கானவை. அவற்றில் மேலே போகும் அலை வேறு, கீழே வரும் அலை வேறு. என்78இல் எப்போது பேசுவது, எப்போது கேட்பது என்பதை டவரோடு மைக்ரோவினாடிக் கணக்கில் ஒத்துப்போக வேண்டும். அந்தப் பெட்டிக்கு அது தெரியாது.

இன்னொன்று, வெளி ஆன்டெனாவும் உள் ஆன்டெனாவும் ஒன்றையொன்று கேட்டால் மைக்கும் ஸ்பீக்கரும் கிட்டே வந்தால் கூவுமே, அதே கதை. அந்தக் கூச்சல் நேரே டவரின் காதுக்குப் போகும். அந்த செல்லில் இருக்கும் ஊரே அப்லோடு இல்லாமல் தவிக்கும். எங்கிருந்து கூச்சல் என்று திசைகாட்டி ஆன்டெனாவோடு தேடி வருவார்கள், வந்து கழற்றியும் இருக்கிறார்கள்.

---

மாஸ்ட்_மாணிக்கம்

யாகியும் 15 மீட்டர் வயரும் ஏன் ஆகாது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாமுங்க.

3,500 மெகாஹெர்ட்ஸில் எல்எம்ஆர்-200 என்ற ஆன்டெனா கேபிள் மீட்டருக்குக் கிட்டத்தட்ட 0.67 டெசிபல் இழக்கும். 15 மீட்டருக்கு 10 டெசிபல். கனெக்டர்கள் சேர்ந்தால் 11. யாகி உங்களுக்கு 10, 12 டெசிபல் கொடுத்தால் கேபிள் அதை அப்படியே வாங்கிக்கொள்கிறது. எல்எம்ஆர்-400 போட்டால் இழப்பு 4 டெசிபல்தான், ஆனால் அது விரல் தடிமன், வளையாது, விலையும் கை சுடும். கடையில் கொடுக்கும் மெல்லிய கறுப்பு வயர் ஆர்ஜி-58 ஆக இருந்தால் எல்எம்ஆர்-200ஐ விட மோசம்.

அடுத்தது, 5ஜி ரவுட்டர் நான்கு ஆன்டெனாவில் ஒரே நேரத்தில் கேட்கும் கருவி. ஒரு யாகியை ஒரு துளையில் மாட்டினால் நான்கு ஓடை ஒன்றாகிவிடும். ஆர்எஸ்ஆர்பி எண் அழகாக ஏறும், வேகம் இறங்கும். "ஆன்டெனா போட்ட பிறகு ஸ்பீடு போச்சு" என்று வரும் புகார்களில் பாதி இதுதான். யாகி வாங்குபவர்கள் அது எந்த அலைவரிசைக்கு என்றும் பார்ப்பதில்லை; 1,800க்கு வெட்டிய யாகி 3,500இல் வெறும் கம்பி.

சரியான வழி: ரேடியோவையே மாடிக்கு ஏற்றுங்கள். வெளியில் மாட்டும் 5ஜி சிபிஇ என்று கிடைக்கும். ஆன்டெனா, மோடம், சிம் எல்லாம் ஒரே பெட்டியில், மழை தாங்கும் ஐபி65 அல்லது ஐபி67 உறையில். அதிலிருந்து கீழே வருவது ஒரே ஒரு லேன் கேபிள். அதில் போவது டிஜிட்டல், 100 மீட்டர் வரை இழப்பே கிடையாது. கரண்டும் அதே கேபிளில் பிஓஇ வழியாக ஏறும். வீட்டுக்குள் சாதாரண வைஃபை ரவுட்டர் போதும். இப்போது ஹாலில் இருக்கும் ரவுட்டரையே வைஃபைக்கு மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய பேண்டுகள் (அலைவரிசைகள்): 5ஜியில் என்78, என்28, 4ஜியில் பேண்ட் 1, 3, 5, 8, 40. எஸ்ஏ, என்எஸ்ஏ ரெண்டும். பேண்டைப் பூட்டும் வசதி, அதாவது கருவியை ஒரே அலைவரிசையில் நிறுத்தி வைப்பது. வெளிநாட்டு மாடல் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி, அதில் பேண்ட் 40 இல்லாமல் முழித்தவர்கள் உண்டு.

பிஓஇயில் ஒரு எச்சரிக்கை. 802.3ஏஎஃப் தரம் என்றால் 15.4 வாட், 802.3ஏடி என்றால் 30 வாட். இவை கருவியோடு பேசிப் பார்த்துத்தான் கரண்ட் விடும். பாசிவ் பிஓஇ அப்படியில்லை, 24 வோல்ட்டை நேரே தள்ளும். கூட வந்த இன்ஜெக்டரை (லேன் கேபிளில் கரண்ட் ஏற்றும் பெட்டி) தவிர வேறெதையும் மாட்டாதீர்கள். மின்வெட்டுக்கு மினி யூபிஎஸ் வாங்கினாலும் அதே கதைதான், 15 அல்லது 24 வோல்ட் பாசிவ் துளை 48 வோல்ட் கருவிக்கு ஆகாது. இன்ஜெக்டரை இன்வெர்ட்டர் லைனில் போடுவது சுலபம்.

லேன் கேபிள் முழுச் செம்பு கேட்6, வெளிப்புற உறை உள்ளது. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய சிசிஏ கேபிள் பாதி விலைக்குக் கிடைக்கும். பிஓஇ ஏற்றினால் 20 மீட்டரிலேயே வோல்ட் இறங்கி, கருவி ராத்திரியில் தானாக ரீஸ்டார்ட் ஆகும். அப்புறம் டவரைத் திட்டுவோம்.

---

தோப்புவீடு

நேத்து ராத்திரி 9:10க்கு எடுத்ததுங்க, அதே மாடி மூலை.

5ஜி: ஆர்எஸ்ஆர்பி -98, எஸ்ஐஎன்ஆர் 14 (காலைல இருந்ததே). வேகம் 6.
4ஜி மட்டும், பேண்ட் 3: ஆர்எஸ்ஆர்பி -91. ஆர்எஸ்ஆர்க்யூ காலைல -9, ராத்திரி -16. வேகம் 5.

எஸ்ஐஎன்ஆர் மாறவே இல்லையே, அப்ப நெரிசல் இல்லைன்னு எடுத்துக்கலாமா? சிபிஇய எவ்வளவு உயரத்துல வெக்கணும்? 12 மீட்டர் குழாய் ஒண்ணு சும்மா கிடக்கு.

---

அலைவரிசை_ஆறுமுகம்

எடுத்துக்கொள்ள முடியாது சார். பலரும் வழுக்கும் இடம் இது.

5ஜியில் செயலி காட்டும் எஸ்ஐஎன்ஆர், எஸ்எஸ்பி என்ற அடையாளத் துணுக்கின்மேல் அளந்தது. அந்தத் துணுக்கை எல்லா செல்லும், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பெரும்பாலும் ஒரே நேரத்தில் ஒலிபரப்புகின்றன. அதனால் நள்ளிரவிலும் திருவிழா இரவிலும் எண் ஒன்றேதான். நெரிசல் அதில் தெரியாது. 4ஜியின் ஆர்எஸ்ஆர்க்யூவில் தெரியும், அதைத்தான் கேட்டேன். -9 என்பது -16 ஆனால் செல் நிரம்பி வழிகிறது.

ஆனால் இங்கே இன்னொன்றும் இருக்கிறது. 5ஜிக்கு 6, 4ஜிக்கு 5. ரெண்டும் வேறு வேறு அலைவரிசை, வேறு ரேடியோ. 4ஜி நிரம்பினால் 4ஜி மட்டும் படுக்க வேண்டும். 100 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள என்78 கூடவே படுத்து, ஏறக்குறைய அதே எண்ணில் நிற்பானேன்? ரெண்டுக்கும் பொதுவானது டவரிலிருந்து இணையத்துக்குப் போகும் இணைப்புதான். அந்த டவருக்கு ஃபைபர் போகாமல் மைக்ரோவேவ் தட்டில் ஓடுகிறதென்றே எனக்குப் படுகிறது. டவரில் டமாரம் மாதிரி வட்டத் தட்டு தெரிகிறதா என்று பாருங்கள். தட்டு இருப்பதாலேயே உறுதி என்று சொல்ல முடியாது. பக்கத்து டவருக்கு அனுப்பவும் இருக்கலாம்.

ஆகவே வெளி சிபிஇ உங்கள் அப்லோடைத் தீர்க்கும், வீடியோ கால் சீராகும். ராத்திரி டவுன்லோடைத் தீர்க்காது. பணம் போடும் முன் வேறு நிறுவனத்தின் ப்ரீபெய்டு சிம் ஒன்றை அதே மூலையில் மூன்று ராத்திரி சோதியுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதிப்படி நிறுவனங்கள் தங்கள் தளத்தில் கவரேஜ் வரைபடம் போட்டிருக்கின்றன. சிக்னல் உண்டா என்பதை அதில் பார்த்துக்கொள்ளலாம், வேகத்தைச் சிம் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அந்தச் சோதனையில் 700 மெகாஹெர்ட்ஸ் என்28ஐயும் பாருங்கள். 2022 ஏலத்தில் அதை வாங்கியது ஜியோ மட்டும். 3,500ஐ விட வெட்டவெளி இழப்பு 14 டெசிபல் குறைவு, சுவரையும் மரத்தையும் நன்றாகத் துளைக்கும். அப்லோடுக்குத் தனி அலை இருப்பதால் மூச்சுத் திணறாது. ஆனால் அகலம் 10 மெகாஹெர்ட்ஸ்தான், என்78இன் பத்தில் ஒரு பங்கு. படம் பார்க்கவும் வீடியோ காலுக்கும் போதும். 300, 400 எம்பிபிஎஸ் கனவு வேண்டாம்.

---

மாஸ்ட்_மாணிக்கம்

உயரத்துக்கு வருவோம். தென்னந்தோப்பில் "உயரம் கூடினால் நல்லது" என்ற பொதுவிதி பாதிதான் பலிக்கும். 4, 5 மீட்டரில் குறுக்கே நிற்பது தண்டுகள் மட்டும். 12 மீட்டருக்கு ஏற்றினால் மட்டைக்கு நடுவே செருகிவிடுவீர்கள். ஈர ஓலை 3,500இல் பெரிய தடுப்பு. மட்டைக்கு மேலே போவதென்றால் 20 மீட்டர் வேண்டும், அது வீட்டு வேலை இல்லை. அதோடு 2.3 கி.மீ. பாதையின் நடுவே அலைக்கு வேண்டிய வெளி நேர்கோட்டைச் சுற்றி 7 மீட்டர் ஆரம், அதில் 60 சதவீதமாவது திறந்திருந்தால் நல்லது. தோப்புக்குள் அது கிடைக்காது. அதனால் கணக்கைவிட அளவே தெய்வம்.

செய்முறை: போனை ஒரு கம்பில் கட்டி, மாடியின் நான்கு மூலையிலும், தரையிலிருந்து 4, 6, 8 மீட்டரில் ஒவ்வொரு நிமிடம் வைத்து எஸ்ஐஎன்ஆர் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் தள்ளினாலே 5, 6 டெசிபல் மாறும். ஆர்எஸ்ஆர்பி கொஞ்சம் குறைந்தாலும் எஸ்ஐஎன்ஆர் கூடிய இடத்தையே எடுங்கள். சிபிஇயை மாட்டியபின் 10, 10 பாகையாகத் திருப்பி, ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். டவரை நேரே பார்ப்பதுதான் சிறந்தது என்றில்லை. வேறொரு செல்லுக்கு முதுகு காட்டுமாறு கொஞ்சம் விலக்கினால் எஸ்ஐஎன்ஆர் ஏறும்.

பேண்டைப் பூட்டலாம், செல் எண்ணைப் பூட்டாதீர்கள். அந்த செல் பராமரிப்புக்கு நின்றால் பக்கத்து செல் இருந்தும் உங்கள் கருவி வெறித்துக்கொண்டு நிற்கும்.

மே மாத வெயில் நேரே பட்டால் மோடம் சூட்டில் வேகத்தைத் தானே குறைக்கும்.  தகரக் கூரை, தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒரு மீட்டராவது விலக்குங்கள்.

இடி முக்கியம். ஜிஐ குழாயைத் தனி எர்த் கம்பியோடு இணைத்து, அந்த எர்த்தை வீட்டு எர்த்தோடும் கட்டுங்கள். ரெண்டும் பிரிந்து நின்றால் மின்னல் விழும்போது லேன் கேபிளே பாலமாகி, ரவுட்டரும் டிவியும் சேர்ந்து போகும். லேனுக்கான சர்ஜ் பாதுகாப்பு மேலே ஒன்று, கீழே ஒன்று, பிஓஇ தாங்குவதாக. பக்கத்தில் நேரே விழும் இடியை இதெல்லாம் தாங்காது. கோடை மழை இருட்டிக்கொண்டு வந்தால் இன்ஜெக்டரிலிருந்து கேபிளைப் பிடுங்கிவிடுவதே பத்திரம்.

---

தோப்புவீடு

ரொம்ப நன்றிங்க. முதல்ல வேற சிம் வாங்கி மூணு ராத்திரி பார்க்கறேன். கேபிள் சுவத்துல ஓட்டை போட்டுத்தான் உள்ள வரணும், மழைத்தண்ணி கூடவே இறங்குமா?

---

மாஸ்ட்_மாணிக்கம்

இறங்கும். ஓட்டையை வெளிப்பக்கம் தாழ்வாகச் சாய்த்துத் துளையிடுங்கள். கேபிள் உள்ளே நுழையும் முன் ஓட்டைக்கு ஒரு சாண் கீழே தொங்கவிட்டு யூ மாதிரி வளைத்து மேலே ஏற்றுங்கள். தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மேலே சிபிஇயின் துளை கீழ்நோக்கியே இருக்கட்டும், கூட வந்த ரப்பர் மூடியைத் தூக்கிப்போட வேண்டாம். சோம்பலில் மூடியை விட்டால் முதல் ஐப்பசியிலேயே லேன் முனையில் பச்சைக் களிம்பு பிடிக்கும்.