புதுப்பிப்பு: பழைய டாய்லெட்டுக்குப் பதில் எது பொருந்தும்?
தரையில் அவுட்லெட் (கழிவு வெளியேறும் துளை) உள்ள பாத்ரூமுக்கு எந்த மாடல் என்று கேட்டிருந்தேன். முடிவாகிவிட்டது: எஸ்-டிராப் (கழிவு தரை வழியே இறங்கும் வகை), 10 அங்குலத் தூரத்துக்கானது.

மாடலைவிட, சுவரிலிருந்து அவுட்லெட்டின் மையம் வரையுள்ள தூரம்தான் முக்கியம். பழையதைக் கழற்றாமலே, டாய்லெட்டைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டின் நடுவரை அளக்கலாம். ஸ்கர்ட்டிங்கிலிருந்து (சுவரடிப் பட்டை) அல்ல, சுவரிலிருந்தே டேப்பைப் பிடியுங்கள். சுவருக்குப் புது டைல்ஸ் ஒட்டுவதானால் கலவையோடு சேர்த்து அதன் தடிமனைக் கழியுங்கள். 12 அங்குல மாடல் 10-இல் உட்காரவே உட்காராது, டேங்க் சுவரில் முட்டும். மாறாக, 10-ஐ 12-இல் வைத்தால் பின்னால் 2 அங்குல இடைவெளி, அவ்வளவுதான்.

தரை டைல்ஸ் உயர்ந்து ஃபிளாஞ்ச் (டாய்லெட்டைக் கழிவுக் குழாயோடு இணைக்கும் வளையம்) பள்ளத்தில் போயிருப்பதால், இடையில் கசியாமல் அடைக்கும் மெழுகு வளையம் தடித்ததாக வாங்க வேண்டும். உட்காரும்போது ஆடினால் நட்டை மேலும் முறுக்காதீர்கள், பீங்கான் விரிசல் விடும். அடியில் ஷிம் (மெல்லிய ஆப்பு) சொருகினால் போதும்.