பழைய போட்டோவைப் பார்த்து கையால் வரைந்து தருபவர் யாராவது தெரியுமா?

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் உருவப்படம் வரைகிற நல்ல கை யாராவது இருந்தால் சொல்லுங்கள். தாத்தாவையும் அப்பாயியையும் ஒரே படத்தில் சேர்த்து வரைய வேண்டும், இருவரும் சேர்ந்து நிற்கிற போட்டோ ஒன்றுகூட வீட்டில் இல்லை. தாத்தாவுக்கு இருப்பது பழைய அடையாள அட்டைப் படம் மட்டும்தான், அப்பாயி ஒரு கல்யாண வீட்டுக் குரூப் போட்டோவில் ஓரமாக, முகம் பாதி திரும்பி நிற்கிறார். (மூக்குத்தி எந்தப் பக்கம் என்று அத்தைமாருக்குள் இன்னும் சண்டை.) இரண்டிலும் வெளிச்சம் வேறு வேறு பக்கத்திலிருந்து விழுகிறது, வயதும் ஒத்துவராது, அதனால் அப்படியே பார்த்து வரைகிறவர் போதாது, கொஞ்சம் யோசித்து வரைபவர் வேண்டும். இரண்டையும் 600 டிபிஐயில் ஸ்கேன் பண்ணி வைத்திருக்கிறேன்.

அளவு ஏ3 போதும். பென்சில் படம்தான் எனக்கு ஆசை, ஆனால் இங்கே இருக்கிற ஈரத்துக்குக் காகிதத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும், கண்ணாடி போட்டாலும் படத்தில் ஒட்டாமல் இடைவெளி விட்டு பிரேம் பண்ண வேண்டும். கன்வஸ் என்றால் எண்ணெய் வர்ணம் காய வாரக்கணக்கில் ஆகும், அக்ரிலிக் சீக்கிரம் காயும். செய்து பார்த்தவர்கள் எது நல்லது என்று சொல்லுங்கள்.

கம்ப்யூட்டரில் ஃபில்டர் போட்டு பிரிண்ட் எடுத்துத் தருகிற ஆட்கள் தயவுசெய்து வேண்டாம். முதலில் பென்சில் கோட்டில் காட்டி, வீட்டார் சரி என்ற பிறகு வர்ணம் தீட்டுவாரா, அட்வான்ஸ் எவ்வளவு கேட்பார், இரண்டு முகத்துக்குத் தனித்தனி விலையா? தைப்பொங்கலுக்கு முன்னால் கிடைத்தால் நல்லது.