ரேஸ் சைக்கிளுக்கான சப்பாத்து: சோலின் விறைப்பைப் பார்ப்பதா, பாதத்தின் அகலத்தைப் பார்ப்பதா?

களுவாஞ்சிகுடி ஓட்டி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். காபன் சட்டகம் கொண்ட பழைய ரேஸ் சைக்கிள் ஒன்றை வாங்கி எட்டு மாதங்கள் ஆகின்றன. வாரத்தில் மூன்று நாட்கள் விடியற்காலையில் மட்டக்களப்பு வரையும், ஞாயிற்றுக்கிழமைகளில் கல்முனை, நிந்தவூர் வழியாக அக்கரைப்பற்று வரையும் சென்று திரும்புகிறேன். இதுவரை சாதாரண ஓட்டச் சப்பாத்தையும் தட்டைப் பெடலையுமே பயன்படுத்தி வந்தேன். நாற்பது கிலோமீற்றரைத் தாண்டியதும் முன்பாதத்தின் அடியில் எரிவு தொடங்கி, சிறிது நேரத்தில் விரல்கள் விறைத்துப்போகின்றன; இறங்கி நின்று காலை உதறிய பிறகே உணர்வு திரும்புகிறது.

சைக்கிளுடன் வந்த பெடல்கள், மூன்று போல்ட் கிளீட்டுக்குரிய (சப்பாத்தின் அடியில் பூட்டி, பெடலில் கொளுவிக்கொள்ளும் துண்டுதான் கிளீட்) ஷிமானோ நிறுவனத்தின் எஸ்பிடி-எஸ்எல் வகை. அவற்றைக் கழற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். வரும் சித்திரைப் புத்தாண்டுக்கு ஊர்களில் நடக்கும் சைக்கிளோட்டப் போட்டிகளில் ஒன்றிலாவது கலந்துகொள்ளும் எண்ணத்துடன் ஓர் இலட்சம் ரூபாவைச் சேர்த்துள்ளேன். அந்தப் பணத்துக்குள் கிடைக்கக்கூடிய மிக விறைப்பான காபன் சோல் கொண்ட சப்பாத்தை வாங்குவதுதான் சரியா? ஓட்டச் சப்பாத்தில் எனது அளவு 42. சைக்கிள் சப்பாத்து தோலைப் போல ஒட்டியிருக்க வேண்டும், ஆகவே 41 வாங்கு என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

கல்லடிக்காரர்

தம்பி, நண்பர் சொன்னதைக் கேட்டு 41 வாங்கிவிட வேண்டாம். அதே ஆலோசனையின்படி இணையத்தில் ஒரு சோடியைத் தருவித்து, இரண்டு மாதங்களில் பெருவிரல் நகம் கறுத்து, ஈற்றில் பாதி விலைக்கு விற்றவன் நான். விற்ற கடை திருப்பி எடுக்க மறுத்தது. சோலில் கிளீட்டின் தடம் பதிந்த சப்பாத்தை எவரும் புதியது என்று ஏற்கமாட்டார்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சோலின் விறைப்பைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் உங்கள் பாதத்தை அளக்க வேண்டும், அதுவும் மாலையில், அன்றைய நடமாட்டத்தால் பாதம் சற்று விரிந்திருக்கும் வேளையில் அளக்க வேண்டும். சுவரை ஒட்டி ஒரு தாளை விரித்து, குதிக்கால் சுவரில் படும்படி உடலின் முழுப் பாரத்தையும் அந்தக் காலில் தாங்கி நின்று, மிக நீளமான விரலின் நுனியையும் முன்பாதத்தின் மிக அகலமான இரு புள்ளிகளையும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பென்சில் செங்குத்தாக நிற்க வேண்டும். உள்நோக்கிச் சாய்ந்தால் சில மில்லிமீற்றர்கள் காணாமற்போகும். இரண்டு கால்களையும் அளந்து பெரிய காலுக்கே வாங்குங்கள். ஷிமானோவின் அட்டவணைப்படி 26.5 சென்ரிமீற்றர் பாதத்துக்கு 42, 27.2 சென்ரிமீற்றருக்கு 43. ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் இடையில் இருப்பது ஏழு மில்லிமீற்றர் மட்டுமே என்பதால், ஓட்டச் சப்பாத்தில் எழுதியிருக்கும் எண்ணை நம்பி இதை வாங்க முடியாது.

நீளத்தைவிட அகலமே எங்களுக்குப் பெரிய பிரச்சினை. பள்ளிக்கூட நேரம் போக மற்றெல்லா நேரமும் செருப்புடனோ கடற்கரை மணலில் வெறுங்காலுடனோ வளர்ந்தவர்களின் முன்பாதம் விரல்கள் விரிந்து அகன்றிருக்கும். இத்தாலியச் சப்பாத்துகள் பலவும் ஒடுங்கிய பாதத்தை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் ஒன்றான சிடி நிறுவனத்தின் சப்பாத்தை அணிந்து பார்த்தபோது எனது சின்னவிரல் அழுதது. ஷிமானோ சில மாதிரிகளில் அகல வடிவைத் தனியாக வெளியிடுகிறது. லேக் நிறுவனம் ஒரே அளவைப் பல அகலங்களில் தருகிறது. பொன்ட் நிறுவனத்தின் சப்பாத்தை வீட்டு அடுப்பில் மிதமான வெப்பத்தில் சூடாக்கிப் பாதத்தின் வடிவுக்கு அமைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு வெதுப்பும் மின்னடுப்பும், மனைவியின் சம்மதமும் தேவை.

அகலம் போதாதபோது ஓர் அளவு பெரியதை எடுத்துச் சமாளிப்பது எங்களிடையே உள்ள பழைய தவறு. அப்போது விரல்களுக்கு இடம் கிடைக்கும், குதிக்கால் பின்னால் நழுவும், அதைத் தடுக்க மேற்பகுதியை இறுக்குவீர்கள், பாதத்தின் மேல்நரம்பு நசிந்து மறுபடியும் விரல்கள் விறைக்கும். சரியான சப்பாத்தில் குதிக்கால் அசையக்கூடாது, நடுப்பாதத்தை அது அணைத்துப் பிடிக்க வேண்டும், விரல்களை மேலும் கீழும் ஆட்ட முடிய வேண்டும்.

அக்கரைப்பற்று வேர்க்ஷொப்

கல்லடி அண்ணன் அளவைப் பற்றி எழுதியது முழுவதும் சரி. எனக்குச் சொல்ல இருப்பது கிளீட்டைப் பற்றியது. நல்ல சப்பாத்தை வாங்கிவிட்டு முழங்கால் வலியுடன் எங்கள் வேர்க்ஷொப்புக்கு வருகிறவர்களில் அதிகமானோரிடம் பிழை சப்பாத்தில் இருப்பதில்லை, கிளீட் பூட்டப்பட்ட இடத்தில்தான் இருக்கிறது.

தம்பியிடம் இருப்பது எஸ்பிடி-எஸ்எல் பெடல் என்றால் கிளீட்டும் அதே வகையாக இருக்க வேண்டும். லுக் நிறுவனத்தின் கியோ கிளீட்டும் அதே மூன்று துளைகளில்தான் பூட்டப்படுகிறது, ஆனால் ஷிமானோ பெடலில் அது பொருந்தாது. இந்தப் பூட்டு முறையையே பனிச்சறுக்குப் பாதணியிலிருந்து பெடலுக்குக் கொண்டுவந்தது லுக் நிறுவனம்தான். 1984இல் அது வந்தது, மறு ஆண்டே பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அதை மிதித்துப் பிரான்ஸ் சுற்றுப்போட்டியை வென்றார். ஷிமானோவில் மஞ்சள் நுனியுள்ள கிளீட் 6 பாகை வரை குதிக்காலைத் திரும்ப விடும், நீலம் 2 பாகை, சிவப்பு அசையவே விடாது. முதன்முதலாகப் பூட்டுபவர் மஞ்சளையே எடுக்க வேண்டும். சிவப்பைப் பார்த்ததும் அதுதான் போட்டியாளர்களுக்குரியது என்று சிலர் எண்ணுகிறார்கள். நிலை சற்றுப் பிசகினாலும் அந்தப் பிசகு அப்படியே முழங்காலுக்குப் போகும் என்பதை அவர்கள் நினைப்பதில்லை.

பூட்டும் இடத்தைக் காண, சப்பாத்தை அணிந்துகொண்டு பெருவிரலின் பின்னுள்ள எலும்புப் புடைப்பையும் சின்னவிரலின் பின்னுள்ள புடைப்பையும் வெளியிலிருந்து தடவிப் பார்த்துக் குறியுங்கள். பெடலின் அச்சு அவ்விரு குறிகளுக்கும் நடுவில் வர வேண்டும். உங்களுக்கு ஏற்கெனவே முன்பாதத்தில் எரிவு இருப்பதால், அதற்கும் சில மில்லிமீற்றர் பின்னால் கிளீட்டைத் தள்ளுவது நல்லது. பாரம் விரல்களின் அடியிலிருந்து விலகும், கெண்டைக்காலுக்கும் ஓய்வு கிடைக்கும். போல்ட்டின் புரியில் கிரீஸ் பூசி, 5 முதல் 6 நியூட்டன் மீற்றர் வரை இறுக்குங்கள். கடலோரக் காற்றில் கிரீஸ் இல்லாத போல்ட் ஓர் ஆண்டுக்குள் துருப்பிடித்துவிடும். பிறகு அதன் தலையைத் துளைத்து எடுக்கும் வேலை எனக்கு வரும், அது எனக்குப் பிடித்த வேலையல்ல.

இன்னுமொன்று. ஓட்டச் சப்பாத்தின் சோல் தடிப்பானது, மிதிக்கும்போது அமுங்குவது. சைக்கிள் சப்பாத்துக்கு மாறியதும் பெடலிலிருந்து உங்கள் பாதத்தின் உயரம் மாறும், ஆகவே இருக்கையின் உயரத்தை அன்றைக்கே மீண்டும் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் மறுநாள் பொத்துவில் வரை ஓடிவிட்டுச் சப்பாத்தைத் திட்டியவர்களும் உண்டு.

படுவான்கரை

இருவரும் விறைப்பைப் பற்றிய கேள்வியைத் தொடாமல் விட்டுவிட்டார்கள். கேட்டவர் கேட்டதே அதைத்தான். ஷிமானோ தனது சப்பாத்துகளின் விறைப்பை எண்ணால் குறிக்கிறது: ஆர்சி3க்கு 6, ஆர்சி7க்கு 10, உச்சத்திலுள்ள ஆர்சி9க்கு 12. ஆனால் அது அந்த நிறுவனத்தின் சொந்த அளவுகோல்; வேறொரு நிறுவனத்தின் 10உடன் அதை ஒப்பிட முடியாது.

விறைப்பான சோல் வேகத்தைத் தரும் என்று விளம்பரங்கள் சொல்வதை அளவோடுதான் ஏற்க வேண்டும். கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்ட்ரோ, கிராம் ஆகிய இருவர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், மிதமான வலுவில் சீராக மிதிக்கும்போது ஓட்டச் சப்பாத்துடன் தட்டைப் பெடலை மிதித்தவர்களும், கிளீட் சப்பாத்தை அணிந்தவர்களும் செலவிட்ட உடற்சக்தியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அதே கிராம் பங்கேற்ற 2020ஆம் ஆண்டு ஆய்வில், முழு மூச்சுடன் விரையும் குறுகிய ஓட்டத்தில் கிளீட் சப்பாத்தே தெளிவாக அதிக வலுவைத் தந்தது. ஆகவே வாரத்தில் மூன்று நாட்கள் களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்புக்கு ஓடும் சமதரைப் பயணத்தில் நீங்கள் எதையும் இழக்கவில்லை. முடிவுக்கோட்டுக்கு முந்திய கடைசி இருநூறு மீற்றரில்தான் இழக்கிறீர்கள். போட்டி அங்கேதான் தீர்மானமாகிறது என்பதையும் மறுக்கவில்லை.

கண்ணாடியிழை கலந்த நைலோன் சோலிலிருந்து நடுத்தரக் காபன் சோலுக்கு மாறுவதை உணரலாம். அங்கிருந்து உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் பணப்பைக்கே தெரியும். மிகையான விறைப்பு வீதியின் அதிர்வை அப்படியே பாதத்துக்குத் தரும். எங்கள் பக்கத்து உள்வீதிகள் எல்லாம் காப்பெற் வீதிகள் அல்ல. எரிவுள்ள பாதத்துக்கு உச்ச விறைப்பு மருந்தாகாது. மிச்சமாகும் பணத்தில் பாதவளைவைத் தாங்கும் நல்ல உட்தட்டு ஒன்றை வாங்குங்கள். விலையுயர்ந்த சப்பாத்துகளுடன் வரும் உட்தட்டுகளிற் பலவும் வெறும் தட்டைத் துண்டுகளே.

வேர்க்ஷொப் நானாவுடன் ஓரிடத்தில் உடன்பட முடியவில்லை. போகும் வழியில் மணலில் கால் வைத்து இறங்குபவர், தேநீர்க் கடையில் நிற்பவர், மழையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பவர் ஆகியோருக்கு மூன்று போல்ட் கிளீட் ஒரு தொல்லை. மணல் புகுந்தால் பூட்டாது, நடந்தால் நுனி தேயும். இரண்டு போல்ட் எஸ்பிடியின் உலோகக் கிளீட் சோலுக்குள் பதிந்திருப்பதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

அக்கரைப்பற்று வேர்க்ஷொப்

படுவான்கரைத் தம்பி சொல்வது பயணிக்கிறவருக்குப் பொருந்தும். இவரிடம் பெடல் ஏற்கெனவே இருக்கிறது, இவர் போட்டிக்கு ஆசைப்படுகிறார். அகலமான கிளீட்டில் பாரம் பரந்து விழும், எரிவுள்ள காலுக்கு அதுவும் ஓர் உதவி. இறங்கி நடக்க ரப்பர் கிளீட் மூடி ஒரு சோடி போதும், பின்பையில் வைத்துக்கொள்ளலாம்.

கல்லடிக்காரர்

இறுக்கும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. வெயில் ஏற ஏற, குறிப்பாகக் கச்சான் காற்று வீசும் மாதங்களில், இரண்டாவது மணித்தியாலத்திலேயே பாதம் வீங்கத் தொடங்கும். கயிறு கட்டிய சப்பாத்தை ஓடிக்கொண்டே தளர்த்த முடியாது. போவா திருகியில், அதாவது மெல்லிய கம்பியைச் சுற்றி இறுக்கும் வட்டத் திருகியில் முடியும். அதிலும் எல்6 வகையில் ஒரு பக்கமாக இறுக்க மட்டுமே இயலும், தளர்த்த வேண்டுமானால் முழுவதும் விடுவிக்க வேண்டும். ஐபி1, எல்ஐ2 வகைகள் இரு பக்கமும் சிறிது சிறிதாகத் திரும்பும். உச்ச விறைப்புக்குக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுக்கலாம். மாரியில் நனைந்த சப்பாத்தை வெயிலில் காய வைக்காமல், உட்தட்டை வெளியே எடுத்து, பழைய பத்திரிகைத் தாளை உள்ளே திணித்து நிழலில் வையுங்கள். சூட்டில் பசை விட்டுப்போகும்.

களுவாஞ்சிகுடி ஓட்டி

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை அளந்து பார்த்தேன். வலக்கால் 26.1, இடக்கால் 26.7 சென்ரிமீற்றர்; முன்பாதத்தின் அகலம் இரண்டிலும் பத்தரைக்கு மேல். 41 வாங்கியிருந்தால் இடக்கால் உள்ளேயே போயிருக்காது. ஆர்சி9 ஆசையை விட்டுவிட்டு, நடுத்தரக் காபன் சோலும் இரு பக்கமும் திரும்பும் திருகியும் கொண்ட அகல வடிவில் 42.5, 43 ஆகிய இரண்டையும் பார்ப்பதென்று தீர்மானித்துள்ளேன். சென்னையில் இருக்கும் மச்சான் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார். பாதத்தின் வரைவைக் கத்தரித்து அனுப்பினால், கடையில் சப்பாத்தின் உட்தட்டை வெளியே எடுத்து அதன்மேல் வைத்துப் பார்க்கலாம் அல்லவா?

கல்லடிக்காரர்

பார்க்கலாம். தாளில் அனுப்பினால் வழியில் கசங்கும், தடித்த மட்டையில் வெட்டி அனுப்புங்கள். வரைவு உட்தட்டின் பக்கவாட்டில் எங்கும் வெளியே வழியக்கூடாது, விரல்களின் முன்னால் குறைந்தது ஐந்து மில்லிமீற்றராவது மிஞ்ச வேண்டும். இடக்காலின் வரைவையே அனுப்புங்கள்.