புதுப்பிப்பு: சதுரத் துளைக் காசு 1636 இல்லை

போன வாரம் நான் படம் போட்ட ஜப்பானிய வெண்கலக் காசு பற்றி. மேல், கீழ், வலம், இடம் என்று படித்தால் ‘கன்எய் ட்சூஹோ’ என்ற காசின் பெயர் வருகிறது, அதனால் 1636 என்று அடித்துச் சொல்லியிருந்தேன். அவசரப்பட்டுவிட்டேன். அரசு முறைப்படி வார்க்கத் தொடங்கியது அந்த ஆண்டுதான், ஆனால் அதே பெயரில் இருநூறு வருடத்துக்கு மேல் வார்த்திருக்கிறார்கள்.

நேற்று லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இடப்பக்க எழுத்தின் அடியில் இரண்டு குட்டிக் கால்கள். பழைய வகையில் ஒரு கால் மற்றதிலிருந்து கிளைக்கும். இதில் இரண்டும் ஒட்டாமல் விரிந்து நிற்கின்றன. அப்புறம் அழுக்கு போனதும் பின்புறம், துளைக்கு மேலே ‘புன்’ என்ற எழுத்து தெரிந்தது. அப்படியானால் எடோவின் (இன்றைய டோக்கியோ) கமேய்தோ பகுதியில் 1668–1683க்குள் வார்த்தது.

புளி போட்டுத் தேய்க்கச் சொன்ன அண்ணனுக்கு: மன்னிக்கவும், வெறும் தண்ணீரில்தான் ஊறவைத்தேன்.